மீன்கண் விழுந்த அச்சு

பீஜூவின் காதில் விழும்படி யாராவது யூஷியாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. சோறு இறங்காதது மட்டுமா? வீட்டுக்குப் போய்க் கணவனிடம் அந்த இரண்டு வார்த்தையை இருபது வார்த்தையாக்கிச் சொல்வாள். அவன் "சரி, அதுக்கென்ன இப்போ?" என்று கேட்டுவிட்டால் அவன் மேல் பாய்வாள். பகல் முழுக்க கான்கிரீட் லாரி ஓட்டிக் களைத்து வந்த மனிதன், பாவம், என்ன செய்வான்? டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வான்.

சாய் பீஜூ கெட்டவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடைசிவரை அவளைத் திட்டிக்கொண்டேதான் படிப்பீர்கள். ஜாங்ஹுவா பக்கம் காலுறை பின்னும் ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் குடைத் தொழிற்சாலையில் கம்பி மாட்டினாள். கல்யாணமாகி ஃபெங்யுவானுக்கு வந்தாள். வந்த இடத்தில், வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில், லாய் முதலாளியின் பட்டறை இருந்தது. உள்ளே ஆள் வேண்டும் என்றார்கள். போனாள். ரெசின் என்றால் திரவமா, தூளா என்றுகூட அன்றைக்கு அவளுக்குத் தெரியாது. அந்த நாற்றத்துக்கு முதல் வாரம் முழுக்கத் தலைவலி. அப்புறம் அந்த நாற்றம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் தலை வலித்தது.

லாய் பட்டறையில் செய்தது மாதிரி விமானங்களின் உடற்கூடு. பொம்மை என்று நினைத்துவிடக் கூடாது. ஆள் படுத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம். கீழே நின்று ரிமோட்டில் ஓட்டுவார்கள். வானத்தில் அது குட்டிக்கரணம் போடும், மல்லாந்து பறக்கும், செங்குத்தாக ஏறி அப்படியே நிற்கும். அதற்குப் போட்டி உண்டு, நடுவர்கள் உண்டு, தோற்றால் ஒரு மாதம் பேசாமல் இருக்கிற பெரிய மனிதர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் பட்டறைக்கு வந்தால் முதலில் கேட்பது தராசைத்தான். கூடு எவ்வளவு இலேசோ அவ்வளவு மவுசு. ஒரு கரண்டி ரெசின் கூடியிருந்தால் சவத்தைப் பார்ப்பது போல் பார்ப்பார்கள்.

வேலை சொல்வதற்கு எளிது. நிலக்கடலை ஓட்டைப் பிளந்த மாதிரி இடது பாதி, வலது பாதி என்று இரண்டு அச்சு. உள்பக்கம் மெழுகு தடவித் தேய்க்க வேண்டும், அப்போதுதான் செய்த கூடு அச்சை விட்டுக் கழன்று வரும். மெழுகின் மேல் பெயின்ட் அடிக்க வேண்டும். பெயின்ட்டின் மேல் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பிரஷ்ஷால் ரெசின் ஊட்டி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் அமுக்க வேண்டும். ரெசின் இறுகுவதற்குள் இரண்டு பாதியையும் சேர்த்து மூடிவிட வேண்டும். மறுநாள் அச்சைத் திறந்தால் பளபளவென்று விமானத்தின் உடல். திறக்கும்போது பட்டென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே பீஜூ உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம். ஒவ்வொரு அச்சுக்கும் ஒருத்தி. "இது பீஜூ அச்சு" என்றால் வேறு யாரும் அதில் கை வைக்க மாட்டார்கள். துணி போட்டவள் ஒரு துண்டுக் காகிதத்தில் தன் பெயரை எழுதி, கூட்டின் வயிற்றுக்குள் ரெசின் தடவி ஒட்டிவிடுவாள். வாங்க வருகிறவர்கள் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். பல வருஷம் அவர்கள் பார்த்துத் தலையாட்டிய பெயர் பீஜூ. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

அப்புறம்தான் யூஷியா வந்தாள்.

தாய்ச்சுங்கில் குளியல் தொட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றை மூடிவிட்டார்கள். அங்கிருந்து வந்தவள். பீஜூவைவிட ஐந்தாறு வயது சின்னவள். கணவன் விட்டுப் போய்விட்டான், ஒரு பெண் குழந்தை. இதையெல்லாம் கேட்டு முதல் நாள் பீஜூ இரக்கப்பட்டு, தன் டப்பாவிலிருந்து பொரித்த முட்டையைக்கூட எடுத்து வைத்தாள். அந்த முட்டையை நினைத்து அப்புறம் எத்தனை தடவை நொந்துகொண்டாள் என்பது வேறு கதை. ஏனென்றால் யூஷியா ஒரு பழைய டெலிபோன் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, துணியின் மேல் ஒரே இழுப்பு இழுத்து, மிச்ச ரெசின் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிடுவாள். தராசில் வைத்தால் அவள் கூடு இலேசு. பீஜூவும் கார்டு வாங்கி இழுத்துப் பார்த்தாள். துணி சுருண்டதுதான் மிச்சம்.

வருகிறவர்கள் டார்ச் அடித்துவிட்டுக் கேட்க ஆரம்பித்தார்கள்: "யூஷியா போட்டது இருக்கா?"

அடேயப்பா, அந்தக் கேள்வி! பீஜூவுக்கு அடிவயிற்றில் தீக்குச்சி உரசிய மாதிரி இருக்கும். சிரித்துக்கொண்டே "இருக்கே, அந்தப் பக்கம்" என்று கை காட்டுவாள். காட்டிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து வாய்க்கு வந்ததைத் திட்டிவிட்டு வருவாள். யூஷியா சிரித்தால் எரிச்சல். யூஷியா பாட்டை முணுமுணுத்தால் எரிச்சல். அவள் மகள் கணக்கில் முதலாவதாக வந்தாள் என்று முதலாளியம்மா சொன்னபோது, "சின்ன வகுப்புல எல்லாரும்தான் வருவாங்க" என்றாள் பீஜூ. அவளுடைய பையன் எந்த வகுப்பிலும் வந்ததில்லை.

இந்த நிலைமையில்தான் புது அச்சு வந்து சேர்ந்தது.

சின்ச்சூவில் ஜுவாங் என்று ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் விமானம் விடுகிறவர். நாட்டின் அணியில் தேர்வாகி வெளிநாட்டில் உலகப் போட்டிக்குப் போகிறார். அவருக்காக லாய் முதலாளி குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து புது உருவம் ஒன்றைச் செதுக்கி, தேய்த்து, அதிலிருந்து புது அச்சு எடுத்தார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அந்த வளைவும் அந்த வழவழப்பும்! உலகப் போட்டியில் பறக்கப் போகிற கூட்டின் வயிற்றில் யார் பெயர் இருக்கும்? பீஜூவுக்குச் சந்தேகமே இல்லை. மூத்தவள் அவள்தானே. காகிதத்தில் பெயரை அழகாக எழுதுவதற்கு நல்ல பேனாகூட வாங்கி வைத்துவிட்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில், பன்றி விலா எலும்பைச் சப்பிக்கொண்டே முதலாளி அறிவித்தார். "புது அச்சுல யூஷியா துணி போடட்டும். எடை குறையணும்னு டாக்டர் உயிரை எடுக்கறார். பீஜூ, நீ மெழுகு போடு. உன் மெழுகுக் கை வேற யாருக்கும் வராது."

அவர் புகழ்ந்ததாகத்தான் நினைத்தார். அதுதான் கொடுமை.

"சரிங்க முதலாளி" என்றாள் பீஜூ. வாயிலிருந்த சோற்றை மெல்லாமல் பாகற்காய் சூப்பை ஊற்றித் தள்ளினாள்.

முதலாளி சொன்னதில் பொய் இல்லை. புது அச்சுக்கு முதல் மெழுகு போடுவது விளையாட்டு இல்லை. ஒரு பூச்சு, காய விட்டு, துணியால் தேய்த்து, மறுபடி ஒரு பூச்சு என்று நாள் கணக்கில் போகும். எங்காவது நகக்கண் அளவு விட்டுப்போனால் கூடு அங்கே ஒட்டிக்கொள்ளும், அச்சே நாசம். பீஜூ கடைசித் தேய்ப்பைத் துணியால் தேய்க்க மாட்டாள். வெறும் உள்ளங்கையால் தேய்ப்பாள். எங்கே இழுக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று கைக்குத் தெரியும். அவள் முடித்துவிட்டு, அச்சின் மேல் சிவப்புக் காகிதத்தை ஒட்டி வைத்துவிட்டால், அப்புறம் யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள். ஒருத்தி போட்ட மெழுகை இன்னொருத்தி விரலால் தடவிப் பார்ப்பது அந்தப் பட்டறையில் கன்னத்தில் அறைவதற்குச் சமம்.

மெழுகு போட்டுக்கொண்டிருந்த நாட்களில் ஒரு காலை, முதலாளியம்மா தேநீர் கொண்டுவந்து கொடுக்கும்போது யூஷியாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தக் கையைப் பாரேன் பீஜூ! அத்தனை வருஷம் தொட்டிக் கம்பெனியில அசிட்டோன்ல ஊறின கை. டோஃபு மாதிரி இருக்கு."

"எங்க அம்மா கொடுத்த தோல் அம்மா" என்று யூஷியா சிரித்தாள்.

பீஜூ தன் கையைப் பார்த்தாள். வெடிப்பு, வெடிப்புக்குள் காய்ந்த ரெசின், மடங்காத சுண்டுவிரல். மேலே இருந்து கீழே வரை அவளுக்கு எரிந்தது. துணியும் அவளுக்கு, எடையும் அவளுக்கு, அச்சும் அவளுக்கு, கையுமா?

அன்று சாயந்திரமே மார்க்கெட் பக்கத்துக் கடைக்குப் போய்க் கைக்குத் தடவுகிற கிரீம் ஒன்று வாங்கினாள். பட்டறையில் கிரீம், தலைக்கு அடிக்கிற ஸ்ப்ரே எதுவும் ஆகாது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். அதில் சிலிக்கோன் இருந்தால் பெயின்ட் ஒட்டாது. அதைச் சொல்லித்தான் அவளே புது ஆட்களை மிரட்டுவாள். ஆனால் கடைக்காரப் பெண் "இது முழுக்க மூலிகைங்க அக்கா, சோற்றுக் கற்றாழை" என்றாள். டப்பாவின் மேல் பச்சை இலை படம் வேறு. இலைக்கும் சிலிக்கோனுக்கும் என்ன சம்பந்தம் என்று மனசு சமாதானம் சொன்னது. வேண்டியதை நம்புவதற்கு மனசுக்குச் சொல்லியா தர வேண்டும்? காலையில் எழுந்ததும் தடவினாள். கை பட்டு மாதிரி ஆனது. வேலைக்குக் கிளம்பும் முன் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். இடது பாதியை முந்தின நாளே முடித்திருந்தாள், போய் வலது பாதிக்குக் கடைசித் தேய்ப்பைத் தேய்த்தாள். வழக்கத்தைவிட நன்றாகவே வழுக்கியது. இன்றைக்கு நம் கை நல்ல பதத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், அசடு! சிவப்புக் காகிதத்தை ஒட்டினாள்.

எல்லோருக்கும் அவசரம். இன்னும் இரண்டு நாளில் பேய் மாதம் பிறக்கிறது, செத்தவர்களின் ஆவிகள் ஊருக்குள் வந்து அலைகிற மாதம். அந்த மாதத்தில் புது அச்சில் முதல் கூடு எடுப்பதாவது! லாய் முதலாளி அப்படிப்பட்ட ஆள் இல்லை. அதற்கு இன்றைக்கே பெயின்ட் அடித்துத் துணி போட்டு மூடிவிட வேண்டும். காகிதத்தைக் கிழித்தார், ஸ்ப்ரே துப்பாக்கியை எடுத்தார், இடது பாதியில் வெள்ளை அடித்தார். நன்றாகப் பிடித்தது. வலது பாதிக்கு வந்தார். மூக்குப் பக்கம் அடித்துவிட்டு ஒரு அடி பின்னால் வந்தார். அப்படியே நின்றார்.

பெயின்ட் விலகிக்கொண்டிருந்தது. எல்லோருடைய கண் முன்னாலும், ஈரமான வெள்ளையில் சின்னச் சின்ன வட்டமாகத் துளை விழுந்து, ஒவ்வொரு துளைக்கு நடுவிலும் அச்சின் கறுப்பு எட்டிப் பார்த்தது. மீன்கண். ஒன்று இரண்டு இல்லை, மூக்கிலிருந்து இறக்கை ஒட்டுகிற இடம் வரை மீன் சந்தையே விரிந்தது.

"சிலிக்கோன்!" என்று கத்தினார் முதலாளி. "எவ கையில, எவ தலையில என்னத்தைப் பூசிக்கிட்டு வந்தீங்க? ஒரு குளிர்காலம் பூரா நான் முதுகு ஒடிஞ்சு செஞ்ச அச்சு!"

பீஜூவுக்குப் பச்சை இலை டப்பா கண் முன்னால் வந்து நின்றது. வாயைத் திறந்தாள். சொல்லத்தான் திறந்தாள், அது சத்தியம். ஆனால் அந்த நொடியில் முதலாளியின் பார்வை யூஷியாவின் தலைக்குப் போனது. யூஷியா அந்த வாரம்தான் தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு வந்திருந்தாள். திறந்த வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது.

"முடிக்கு என்னமோ அடிச்சிக்கிட்டு வர்றாங்க சில பேரு" என்றாள் பீஜூ. "நாம யாரைச் சொல்றது."

"நான் எதுவும் அடிக்கல முதலாளி" என்றாள் யூஷியா. "சுருட்டினதோட சரி. அதுக்கப்புறம் வெறும் தண்ணி..."

"வாயை மூடு! பொண்ணு பார்க்க வர்றாங்களா இங்க உன்னை?"

யூஷியா இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். குனிந்து அச்சைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது வாயை மூடிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லை. போய்த் தின்னர் டப்பாவையும் கந்தல் துணியையும் எடுத்து வந்து, யாரும் சொல்லாமலே பெயின்ட்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"அதை விடு" என்றார் முதலாளி. "இனிமே இந்த அச்சுப் பக்கமே வராதே. சக்கர மூடி செஞ்சிக்கிட்டு இரு. பீஜூ, மெழுகும் நீயே, துணியும் நீயே."

கிடைத்துவிட்டது. அவ்வளவு ஆசைப்பட்ட அச்சு, ஒரே வார்த்தையில் கைக்கு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குப் போனதும் பீஜூ அந்தக் கிரீமைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, மீன் குடலோடு சேர்த்துக் குப்பை லாரியில் போட்டுவிட்டு வந்தாள். குற்ற உணர்ச்சி இல்லையா என்று கேட்டால், இருந்தது. பெருமையும் இருந்தது. இரண்டும் ஒரே தட்டில் இருந்தால் எது ருசிக்கும்? அவளுக்குப் பெருமைதான் ருசித்தது.

பேய் மாதத்தில் முதல் கூடு எடுக்க வேண்டி வந்துவிட்டதே என்று முதலாளி பட்டறை வாசலில் மேசை போட்டு, பிஸ்கட், நூடுல்ஸ், அன்னாசி, பீர் எல்லாம் பரப்பி, ஊதுவத்தி ஏற்றி, "நல்ல சகோதரர்களே, வயிறாரச் சாப்பிட்டுட்டு என் அச்சுப் பக்கம் வராமப் போயிடுங்க" என்று ஆவிகளை வேண்டிக்கொண்டார். தின்னரால் கழுவி, பாலிஷ் போட்டுத் தேய்த்து, அச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். பீஜூ வெறும் கையை வலிக்க வலிக்கக் கழுவிவிட்டு மெழுகு போட்டாள். பெயின்ட் பிடித்தது. துணி போட்டாள். வாழ்நாளில் அப்படி வேலை செய்ததில்லை. ரெசினைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள், மூச்சைக்கூட அளந்து விட்டாள். நல்ல பேனாவால் பெயர் எழுதி வயிற்றில் ஒட்டினாள். மூடினாள். மறுநாள் ஆப்பு வைத்துத் தட்டியபோது பட்டென்று சத்தம் வந்தது.

யூஷியா போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் இலேசாக வந்திருக்கும். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் நல்ல கூடு. முதலாளி தோளில் தட்டினார். கணவன் வாத்து வாங்கி வந்தான்.

அந்த வாத்து ருசித்ததா? அங்கேதான் வந்தது வினை. மூலையில் உட்கார்ந்து உள்ளங்கை அளவு சக்கர மூடிகளைச் செய்துகொண்டிருந்த யூஷியா, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. அழவில்லை. யாரிடமும் புலம்பவில்லை. அதே பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, அதே கார்டை இழுத்துக்கொண்டிருந்தாள். பீஜூ கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். ஒரு பெருமூச்சாவது விடுவாளா? விடவில்லை. பறிகொடுத்தவள் வருந்தினால்தானே பறித்தவளுக்கு நிம்மதி. இது என்ன கூத்து?

கடைசியில் பீஜூவே போய் வாயைக் கொடுத்தாள். மத்தியானம், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரம்.

"சக்கர மூடி நல்லா வருது போல" என்றாள்.

"வருது அக்கா."

"வருத்தமா இருக்கா?"

யூஷியா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். பீஜூவின் கையைப் பார்த்தாள். "அக்கா, அந்தக் கிரீமை லீவு நாள்ல மட்டும் தடவு. வேலை நாள்ல வேணாம்."

"எந்தக் கிரீம்?"

"தலை ஸ்ப்ரேன்னா புள்ளி புள்ளியா எங்கேயும் சிதறி விழுந்திருக்கும். மீன்கண் எல்லாம் வரிசையா இருந்துச்சு. கை தேய்ச்ச போக்குல. மூக்குகிட்ட நாலு விரல் அகலத்துக்கு." அவள் தன் நான்கு விரலையும் காற்றில் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டினாள். "எனக்குத் தெரியாதா அக்கா, யார் கையால தேய்ப்பாங்கன்னு?"

சொல்லிவிட்டு எழுந்து டப்பாவைக் கழுவப் போய்விட்டாள்.

பீஜூவுக்கு முதலில் பயம் வந்தது. முதலாளியிடம் சொல்லிவிடுவாளோ? அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வாரம் போனது, சொல்லவில்லை. பயம் போன இடத்தில் பழைய நெருப்பு வந்து உட்கார்ந்தது, முன்னைவிடப் பெரிதாக. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லையா! அத்தனை திட்டும் வாங்கிக்கொண்டு, என் மானத்தைக் காப்பாற்றினாளாமா! ஓகோ. எடை குறைவாகப் போடுவதும் அவள், டோஃபு கையும் அவள், இப்போது கருணைத் தெய்வமும் அவளே. கோயிலில் சாமி பக்கத்தில் ஒரு மேடை போட்டு உட்கார வைத்துவிடலாம். நான் யார்? திருட்டுக் கழுதை. மகாராசி போட்ட பிச்சையில் அச்சு வைத்திருக்கிறவள்.

கணவனிடம் சொல்லவும் முடியாது, முதல் பாதியையும் சொல்ல வேண்டி வருமே. உள்ளேயே வைத்துப் புழுங்கினாள்.

அந்தப் புழுக்கத்தின் நடுவே ஒரு சனிக்கிழமை டாக்டர் ஜுவாங் கூட்டை வாங்க வந்தார். பட்டறையில் எல்லோரும் கூடினார்கள். யூஷியா தேநீர் ஊற்றினாள். டாக்டர் கூட்டை எடுத்துப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நகத்தால் தட்டிக் காதை வைத்தார், தராசில் வைத்தார். டார்ச்சை அடித்து வயிற்றுக்குள் பார்த்தார்.

"பீஜூ அக்கா! கையெழுத்தும் அழகு, கை வேலையும் அழகு. ஜெயிச்சிட்டு வந்தா முதல்ல உங்களுக்குத்தான் விருந்து."

பீஜூ சிரித்தாள். இதற்காகத்தான் இத்தனையும். நியாயமாக அந்த நிமிஷம் தேன் மாதிரி இருந்திருக்க வேண்டும்.

முதலாளிக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. "இது கைக்கு வந்ததே பெரிய கதை டாக்டர்" என்று ஆரம்பித்தார். "முதல் தடவை முழுக்க மீன்கண்! அதோ நிக்கறாளே, எங்க சினிமா நட்சத்திரம், முடியைச் சுருட்டி ஸ்ப்ரே அடிச்சிக்கிட்டு வந்துட்டா. பேய் மாசத்துல நான் நல்ல சகோதரர்கள் கால்ல விழ வேண்டியதாப் போச்சு."

"அப்படியா?" டாக்டர் சிரித்தார். "என் ஆஸ்பத்திரிக்கு வாங்க, முடிக்கும் சேர்த்து மயக்க ஊசி போட்டு அனுப்பறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். யூஷியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டாக்டரின் கோப்பையில் தேநீரை நிரப்பிவிட்டு, பீஜூவைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. அதில் ஏளனம் இருந்ததா, பொறுமை இருந்ததா, ஒன்றுமே இல்லையா, யாருக்குத் தெரியும்? பீஜூவுக்கு அது 'உன்னை மன்னிச்சேன் போ' என்று கேட்டது. அதோடு அவளுக்குள் எதுவோ அறுந்துபோனது.

"அவ முடி இல்ல!" என்று கத்தினாள். "என் கை! நான்தான் கிரீம் தடவினேன்! கைக்குத் தடவற கிரீம்! என் கையிலேருந்து வந்த மீன்கண் அது!"

முதலாளியின் வாய் திறந்தபடி இருந்தது. முதலாளியம்மா "ஐயோ பீஜூ" என்றாள். டாக்டர் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டார், ஏதோ வேறு வீட்டுச் சண்டைக்குள் வந்துவிட்டவர் போல.

"தெரிஞ்சேதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள் பீஜூ. நிறுத்த முடியவில்லை. "அவளை மாட்டி விட்டதும் நான்தான். போதுமா? அவளுக்கும் தெரியும், கேட்டுப் பாருங்க!"

இதை நல்ல மனசு என்று யாராவது நினைத்தால் ஏமாந்து போவார்கள். மனசாட்சி குத்தியதால் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நல்ல பெயரையும் யூஷியாவே வாரிக்கொண்டு போவதை அவளால் தாங்க முடியவில்லை. பொறாமையால் செய்ததை அதே பொறாமையால் கொட்டிவிட்டாள், அவ்வளவுதான்.

லாய் முதலாளி யூஷியா பக்கம் திரும்பவில்லை. மன்னிப்புக் கேட்கிற பழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. தரையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த கூட்டுலேருந்து அச்சு யூஷியாகிட்ட இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் கழித்து, "மெழுகும் அவளே போடட்டும்" என்றார். டாக்டர் கூட்டைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

பின்பக்கம் கைகழுவுகிற தொட்டி. பீஜூ அங்கே போய், காரணமில்லாமல் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பின்னாலேயே யூஷியா தேநீர்க் கோப்பைகளைக் கழுவ வந்தாள்.

"இப்போ திருப்தியா?" என்றாள் பீஜூ, திரும்பாமலே. "பெரிய மனசு பண்ணி என்னைக் காப்பாத்தினியே. இனிமே நீ காப்பாத்த வேண்டியதில்ல. யாரு கேட்டா உன்னை?"

கோப்பைகள் தொட்டியில் டமாரென்று விழுந்தன.

"யாரு உன்னைக் காப்பாத்தினா?" என்றாள் யூஷியா. அந்தக் குரலை பீஜூ அதுவரை கேட்டதில்லை. "பெரிய மனசாவது, மண்ணாவது! பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தேன் அக்கா. உன் கழுத்தைத் திருகணும் போல இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா? யாரு நம்புவா? முடின்னு நீ ஒரு வார்த்தை சொன்ன. ஒரே ஒரு வார்த்தை. முதலாளி என்னைத் திரும்பிக்கூடக் கேக்கல. நான் பீஜூவோட கைதான்னு சொல்லியிருந்தா, பொய்யும் சொல்றான்னு அன்னிக்கே வெளிய அனுப்பியிருப்பாரு. எனக்குப் பொண்ணு இருக்கு." மூச்சு வாங்கினாள். "நீ இந்தப் பட்டறையில நடமாடறதைப் பார்த்து எத்தனை நாள் எனக்கு வயிறு எரிஞ்சிருக்கு தெரியுமா?"

பீஜூ குழாயை மூடினாள். சரியாகத்தான் கேட்டோமா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னைப் பார்த்தா? நீயா?" என்றாள். "எங்கிட்ட என்னடி இருக்கு, எரியறதுக்கு?"

"நீ சொன்னா நம்பறாங்கல்ல. அது."

பீஜூ ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். உள்ளே முதலாளி யாரிடமோ எதற்கோ கத்திக்கொண்டிருந்தார்.

"இனிமே அதுவும் இருக்காது" என்றாள் பீஜூ.

"இருக்காதுதான்" என்றாள் யூஷியா, கோப்பைகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே.